கொல்லைப்புறம் என்னும் அமானிதம்

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

     

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர், என்னைச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகிகள் பணித்துள்ளனர். இச்சபையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுத் தோட்டம். இமாம் கீரை விதைப்பதைப் பற்றியா பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். உண்பது, தண்ணீரைச் செலவழிப்பது, அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவது ஆகிய மூன்றும் மார்க்கத்தின் பாடங்கள். இம்மூன்றும் நம் கொல்லைப்புறத்தில் ஒன்றுகூடுகின்றன. ஆகவே இதனைப் பேசுவது என் கடமை என்றே கருதுகிறேன்.

நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே. நம் வீடுகள் நாள்தோறும் வெளியே எறிகின்ற தண்ணீர், அடுப்பங்கரைக் கழிவு, சருகு ஆகியவற்றைக் கொல்லையிலேயே நிறுத்திக்கொண்டால், அன்றாடக் குழம்புக்கு வேண்டிய கீரை, கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய், கத்தரி முதலியவை அங்கேயே விளையும். மண்ணையும் உரத்தையும் மருந்தையும் கடையில் வாங்கிக் கொட்டி, குடிதண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வளர்க்கிற தோட்டம் ஓராண்டில் நம்மைச் சலிப்படையச் செய்துவிடும். வீடு தருவதைக் கொண்டே வளர்கிற தோட்டம்தான் பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

நம் வீடுகளின் அன்றைய நிலை

இந்த இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் நம் முன்னோர் கட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். முற்றம், அடுப்பங்கரை, அதற்குப் பின்னே கிணறு, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, மூலையில் கறிவேப்பிலை, ஒன்றிரண்டு தென்னை என்பதே அவற்றின் அமைப்பு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குச் சென்றது. மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்குச் சென்றது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் பயன்பட்டது. பூச்சி விழுந்த செடிகளின் மீது தூவவும் பயன்பட்டது. இவற்றுக்கெனத் தனியே எவரும் பாடம் படிக்கவில்லை. நம் உம்மாமார்கள் வாழ்ந்த முறையே அதுவாக இருந்தது.

இன்று புதிய வீடு கட்டுகிறவர்கள் மனையின் நான்கு மூலைகளையும் சிமெண்டால் மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் எழுகின்ற அழகிய வீடுகள்! ஆனால் மழைத்தண்ணீர் இறங்குவதற்கு ஒரு சாண் மண் இல்லை. பெய்கிற மழை தெருவுக்கு ஓடுகிறது. அருகிலுள்ள கடல் தன் உப்பை நிலத்தடி நீரில் ஏற்றுகிறது. பின்னர் குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் கறிவேப்பிலை வாங்குவதற்காகத் தெருமுனை வரை நடக்கிறோம்.

இரண்டு சோதனைகள் தந்த படிப்பினை

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. பள்ளிவாசல்களின் கதவுகள் மூடப்பட்ட துயரம் ஒருபுறம் இருக்க, காய்கறி வண்டிகள் வராத நாள்களும் இருந்தன. அந்நாள்களில் முருங்கை நின்ற வீட்டில் கீரை இருந்தது. அந்த வீட்டார் மதிலுக்கு மேலாக அண்டை வீட்டாருக்கும் கொடுத்தனர். மரம் இல்லாத வீட்டில் கையில் பணம் இருந்தும் பயனில்லை.

நமக்கு உறவும் வணிகமும் நெடுங்காலமாக உள்ள நாடு இலங்கை. அங்கு நிகழ்ந்ததும் நாம் கருத்தில் கொள்ளத் தக்கது. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு செயற்கை உரங்களின் இறக்குமதிக்குத் திடீரெனத் தடை விதித்தது. விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் கொதித்தெழுந்தனர், அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, உணவும் எரிபொருளும் கிடைக்காத நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசு ஊழியர்கள் வீட்டில் உணவுப் பயிர் வளர்ப்பதற்காக மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் பெறுகிறோம். முதலாவது, இயற்கை உரம் ஓர் உத்தரவினால் ஒரே பருவத்தில் உண்டாகிவிடாது. அது மக்கிச் சேர வேண்டியது. மண் பண்பட ஓரிரு ஆண்டுகள் வேண்டும். இரண்டாவது, பஞ்சம் வந்த பின்னர் விதை தேடுகிறவனுக்குப் பசி தீருவதற்குள் பயிர் வராது. வசதியாக இருக்கும் காலத்தில்தான் தோட்டத்தைத் தொடங்க வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை உள்ளது. நம் வீட்டுப் பெண்களும் இக்கணக்கில் அடங்கியவர்களே. கீரை உண்பதால் மட்டும் இரத்தச் சோகை நீங்கிவிடும் என்று நான் கூறவில்லை. மருத்துவர் தருகிற மாத்திரையை அவசியம் உட்கொள்ள வேண்டும். ஆனால் வாரத்தில் நான்கு நாள் கீரை உண்ணும் வழக்கம், கீரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வீட்டில்தான் எளிதில் நிலைக்கும்.

தண்ணீர்: முதலில் கணக்கிட வேண்டியது

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூ செய்வார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. ஒரு முத்து என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவானது. நாம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருடன் பேசிக்கொண்டே ஒளூ செய்கிறோம். ஒருவருக்கு 3 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 50 பேர் என்றால் 150 லிட்டர். ஐந்து வேளைக்கும் சேர்த்து 750 லிட்டர். இத்தண்ணீர் முழுவதும் சாக்கடையில் கலக்கிறது. கோடையில் ஒரு வாழைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் போதுமானது. அவ்வகையில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வாழைகளை வளர்க்கக்கூடிய தண்ணீரை நாம் நாள்தோறும் வீணாக்குகிறோம்.

ஒளூ செய்த தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாமா என்று சிலர் ஐயம் கொள்கிறார்கள். மத்ரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறந்தால் முதல் பாடமே தண்ணீரின் வகைகள்தான். ஃபர்ளான ஒளூவில் பயன்பட்ட தண்ணீர் முஸ்தஃமல் எனப்படும். அது தன்னளவில் சுத்தமானது. அதைக் கொண்டு மீண்டும் ஒளூ செய்யக் கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபிலும் ஃபத்வா இதன்படியே அமைந்துள்ளது. ஆகவே அத்தண்ணீரை மரத்துக்கும் செடிக்கும் விடுவதில் எந்தத் தடையும் இல்லை.

வீட்டிலும் இதே முறையைப் பின்பற்றலாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாச் செடிகளுக்கும் உகந்தது. குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் வாழை, தென்னை, பப்பாளி போன்றவற்றின் அடியில் மட்டும் விட வேண்டும். கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. சலவைத்தூள் மிகுந்த முதல் தண்ணீரைத் தவிர்த்து, இரண்டாம், மூன்றாம் அலசல் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. இத்தண்ணீரைத் தொட்டியில் நாள்கணக்கில் தேக்கி வைத்தால் நாற்றமும் கொசுவும் பெருகும். அன்றன்றைய தண்ணீரை அன்றன்றே மண்ணில் இறக்கிவிட வேண்டும்.

மழைநீரைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டில் அவசரமாகப் பதித்த குழாய்கள் பல வீடுகளில் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது சுமார் 9,000 லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கிணற்றுக்குள்ளோ கிணற்றை ஒட்டிய குழிக்குள்ளோ இறக்கினால், உப்புத் தன்மை மெல்லக் குறைய வழி பிறக்கும். புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டிக் குழாயின் அடைப்பை நீக்குவது ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். தோட்டத்தின் பெயரால் ஆழ்குழாயில் இரவு பகலாக மோட்டார் ஓட்டி, பக்கத்து வீட்டுக் கிணற்றை வற்றச் செய்கிறவர் எவ்வளவு பசுமையாக வளர்த்தாலும் அது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநீதியே ஆகும். தண்ணீர் எவ்வளவு உள்ளதோ அந்த அளவுக்கே தோட்டம் இருக்க வேண்டும்.

மண்ணும் உரமும்

நம் பகுதி மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. விடுகிற தண்ணீர் நிற்காது. போடுகிற சத்தும் கீழே இறங்கிவிடும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று மக்கிய உரம், மற்றொன்று மூடாக்கு. செடியின் அடிப்பகுதியைச் சருகு, வைக்கோல், தென்னை மட்டைத் துண்டு முதலியவற்றால் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடி வைப்பதையே மூடாக்கு என்கிறோம். வெயில் மண்ணை நேரே தாக்காது; ஈரம் நிற்கும்; களை குறையும்; சில மாதங்களில் அந்தச் சருகே மக்கி மண்ணாகிவிடும். தெருவில் சருகைக் கூட்டி எரிப்பவர்கள் உரத்தையே எரிக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

அடுப்பங்கரைக் கழிவை உரமாக்குவதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. பக்கவாட்டில் துளையிட்ட பழைய வாளிகளோ மண்பானைகளோ இரண்டு போதும். காய்கறித் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவற்றை ஒரு பங்கு போட்டால், அதன் மேல் காய்ந்த சருகை இரண்டு பங்கு போட வேண்டும். நடுநடுவே ஒரு கைப்பிடி பழைய உரமோ தோட்டத்து மண்ணோ தூவி, கொஞ்சம் புளித்த மோர் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்ட வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் மூடிவைத்து அடுத்ததில் தொடங்கலாம். இரண்டு மாதங்களில், மழை பெய்த மண்ணின் வாசனையுடன் கருமையான உரம் கிடைக்கும். இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றை இதில் சேர்க்கக் கூடாது. எலியும் நாயும் வரும். குர்பானிக் கழிவுகளைத் தெருவில் எறியாமல், கிணற்றிலிருந்து விலகிய இடத்தில் மூன்றடி ஆழக் குழியில் புதைத்து மூடினால், நாற்றமும் இராது; பக்கத்தில் உள்ள தென்னையும் பயன்பெறும்.

மீன் கழிவுக்கும் நல்லதொரு வழி உண்டு. ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ வெல்லத்தைத் தூளாக்கிக் கலந்து, மூடியுள்ள பாத்திரத்தில் நிழலில் வைத்தால், மூன்று வாரங்களுக்குப் பின் தேன் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வீதம் கலந்து தெளித்தால் செடிகள் தழைக்கும். கடலோர ஊரில் இதற்கு மூலப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆடு வளர்க்கும் வீடுகள் நம் தெருக்களில் பல உள்ளன. ஆட்டுப் புழுக்கை மிகச் சிறந்த உரம். காயவைத்துத் தூளாக்கியோ மக்கவைத்தோ இட வேண்டும். கோழி எச்சம் சூடு மிகுந்தது. நன்கு மக்கிய பின்னரே இட வேண்டும். இவை நஜீஸ் அல்லவா என்று கேட்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் சாணமும் புழுக்கையும் நஜீஸ்தான். ஆயினும் நிலத்துக்கு உரமாக இடுவதை நம் இமாம்கள் அனுமதித்துள்ளனர். அதில் விளைகின்ற காயும் கீரையும் சுத்தமானவையே. உரம் பட்ட பகுதியைக் கழுவிவிட்டுச் சமைக்க வேண்டும். உரமிட்ட கையைத் தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ள வேண்டும்.

இக்கலை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பதினொன்றாம் நூற்றாண்டில் அந்தலூஸ் நாட்டின் துலைத்துலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், கிதாபுல் ஃபிலாஹா என்னும் பெருநூலை இயற்றினார். மண், உரம், தண்ணீர், ஒட்டுக்கட்டுதல் முதலிய அனைத்தையும் விரித்துரைக்கும் அந்நூலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயிர்கள் இடம்பெறுகின்றன. இப்படிப்பட்டோரின் வழிவந்த நாம், சருகைத் தீயிட்டுவிட்டு உரத்துக்குக் கடை தேடுவது பொருத்தமாகுமா?

எதை நடுவது?

ஒரு சிறிய கொல்லை அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் தந்துவிடாது. அப்படி எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். முதல் ஆண்டில் பெருந்தொகை மிச்சமாகும் என்றும் எண்ண வேண்டாம். நாள்தோறும் சிறிதளவு தேவைப்படுவதையும், பறித்தவுடன் வாடுவதையும் நட்டால்தான் பலன் தெரியும்.

முதலிடம் முருங்கைக்கு. போத்து வெட்டி நட்டாலும், விதை போட்டாலும் வரும். தண்ணீரும் குறைவாகவே கேட்கும். உயரமாக விடாமல் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும். அடுத்தது கறிவேப்பிலை, முதல் ஆண்டில் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். மூன்றாவது பப்பாளி, நட்ட பத்து மாதங்களில் காய் தரத் தொடங்கும். தண்ணீர் சற்று உப்பாக உள்ள வீடுகளில் தென்னை, சப்போட்டா, பருப்புக்கீரை போன்றவை தாங்கி வளரும்.

கீரைக்கு மூன்றடி அகலம், ஆறடி நீளமுள்ள பாத்தி ஒன்று போதும். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு தூக்காமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவலாம். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாள்களில் பறிக்கலாம். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாள் இடைவெளியில் பாதிப் பாதியாக விதைத்தால், ஒருநாள் மிகுதியும் மறுநாள் வெறுமையும் இன்றித் தொடர்ந்து கீரை கிடைக்கும். அரைக்கீரையை வெட்ட வெட்ட மீண்டும் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய கட்டின் தண்டுகளை ஊன்றினாலே போதும்.

அவரை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை முதலிய கொடிகளை ஆடியில் விதைத்துப் பந்தலில் ஏற்றலாம். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நட வேண்டியவை. சித்திரை, வைகாசி வெயிலில் புதிதாக எதையும் தொடங்காமல், இருப்பவற்றை நிழலிட்டுக் காப்பதே அறிவுடைமை.

மண் தரையே இல்லாத வீட்டார் மாடியில் பழைய வண்ண வாளிகளை நன்கு கழுவி, அடியில் துளையிட்டுப் பயன்படுத்தலாம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம பங்கு கலந்தால் சுமை குறையும். வாளிகளைச் செங்கல்லின் மீது வைத்தால் தளத்தில் ஈரம் ஊறாது. பிளாஸ்டிக் சாக்குகள் வெயிலில் நைந்து நார்நாராகி மண்ணில் கலந்துவிடும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பூச்சியும் ஆடும்

இலையில் இரண்டு துளை கண்டவுடன் விஷ மருந்தைத் தேடி ஓட வேண்டாம். நம் பிள்ளைகள் உண்ணப் போகிற கீரை அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் பெரும்பாலான சாறுறிஞ்சும் பூச்சிகள் கட்டுப்படும். புழுக்களைக் கையால் பொறுக்கலாம். சிறிதளவு பறவைக்கும் புழுவுக்கும் போவதால் நமக்கு நட்டமில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகும் என்னும் கருத்திலான நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளதை நாம் அறிவோம்.

கால்நடை உண்டாலும் ஸதகா என்றவுடன் ஆடு வளர்ப்பவர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது! தெருவில் அவிழ்த்துவிட்ட ஆடு பிறர் தோட்டத்தை மேய்ந்துவிட்டால், அதற்குப் பொறுப்பு ஆட்டின் உரிமையாளருக்கு உண்டு. தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்களிடமும் இத்தகைய வழக்கே வந்தது. தோட்டம் பழைய நிலையை அடையும் வரை ஆட்டுக்காரர் அதைச் சீர்செய்ய வேண்டும். அதுவரை ஆட்டின் பயனைத் தோட்டக்காரர் அனுபவிக்கலாம் என்று சுலைமான் (அலை) தீர்ப்பளித்ததாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். பகையை வளர்க்காமல் இழப்பை ஈடுசெய்கிற தீர்ப்பு அது. தோட்டம் வைப்பவர் வேலி போடட்டும். ஆடு வளர்ப்பவர் கட்டி மேய்க்கட்டும். இச்சிறிய ஒழுங்கு இல்லாமல் நம் தெருக்களில் தோட்டம் நிலைக்காது.

விதையைக் காப்பது

ஒவ்வோர் ஆண்டும் கடையில் விதை வாங்குகிற தோட்டம் கடைக்காரரின் கையில் உள்ளது. நாட்டு ரகத்தில் நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, அதன் காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் மூடிவைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆகும். வீரிய ஒட்டு ரகங்களின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியைப் போன்று சீராக வருவதில்லை. ஆதலால் விதை சேமிக்க விரும்புவோர் நாட்டு ரகங்களையே நாட வேண்டும். பாட்டிலின் மீது ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுவது நல்லது.

உழைப்பைப் பகிர்தல்

தோட்டம் என்றவுடன் அது பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்கிவிடுகிறோம். ஐந்து மணிக்கு எழுந்து அனைவருக்கும் சமைத்து, பிள்ளைகளை மதரஸாவுக்கும் பள்ளிக்கும் அனுப்பும் தாய்மார்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது என் நோக்கமன்று. குழி தோண்டுவது, பந்தல் போடுவது, உர வாளியைக் கிளறுவது ஆகியவை ஆண்களும் இளைஞர்களும் செய்ய வேண்டிய பணிகள். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் போதும்.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெறுவதற்கு எஜமானன் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, முந்நூறு பேரீச்சங் கன்றுகளை நட்டு வளர்த்துத் தருவது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களை உதவுமாறு கூறினார்கள். ஒருவர் முப்பது கன்று, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து எனத் தத்தம் சக்திக்கேற்பக் கொண்டுவந்தனர். குழிகளைத் தோண்டியபின், நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களாலேயே அக்கன்றுகளை நட்டார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. தனியொருவரால் இயலாததை ஒரு ஜமாஅத் இணைந்து முடித்தது. பத்துக் கன்று கொண்டுவந்தவரும் அங்கே சிறுமைப்படுத்தப்படவில்லை.

நம் ஜமாஅத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள்

இதனை முன்மாதிரியாகக் கொண்டு நிர்வாகக் குழுவினர் முன்பும் உங்கள் முன்பும் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஹவுளின் ஓரத்திலிருந்து சாக்கடைக்குச் செல்லும் ஒளூத் தண்ணீரை, பள்ளிவாசலின் பின்புற மனைக்குத் திருப்பி, தென்னையும் வாழையும் நட வேண்டும். அது வக்ஃபு நிலம் என்பதை மறக்கக் கூடாது. அங்கு விளைவது எவருக்கும் இலவசம் அன்று. முறையாக விற்று, வக்ஃபின் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, புரட்டாசிக்குள் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக் கன்றுகளைத் திரட்டி, விரும்புகிற வீடுகளுக்கு வழங்க வேண்டும். மரம் உள்ளவர்கள் போத்தும் விதையும் தரட்டும். வாடகை வீட்டில் வசிப்போருக்கும், ஆதரவற்ற சகோதரிகளுக்கும் வாளியில் நட்ட செடிகளாகவே கொடுக்க வேண்டும். வீடு மாறும்போது அவர்கள் எடுத்துச் செல்லலாம்.

மூன்றாவது, மக்தப் மதரஸாவில் விதைக்கென ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் அடுத்த பருவத்தில் அதே அளவு விதையைத் திருப்பி வைக்க வேண்டும். பெயரெழுதும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைப்போம்.

நான்காவது கோரிக்கை, புதிதாக வீடு கட்டும் சகோதரர்களுக்கு. சிமெண்ட் போடுவதற்கு முன் பத்தடிக்குப் பத்தடி மண்ணையாவது திறந்து விடுங்கள். மனை உங்களுடையது என்பது உண்மைதான். ஆனால் அதன் அடியில் உள்ள தண்ணீர் தெருவில் உள்ள அனைவருக்கும் பொதுவானது. உங்களுக்குப் பின் அவ்வீட்டில் வாழப்போகிற சந்ததிக்கும் அதில் பங்குண்டு. அமானிதம் என்று நான் தலைப்பிட்டது இதனால்தான்.

அன்பர்களே! எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு வாளியில் துளையிட்டு, அடுப்பங்கரைக் கழிவைச் சேர்க்கத் தொடங்குங்கள். அடுத்த மாதம் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றுங்கள். அதற்கடுத்த மாதம் ஒரு பிடி கீரை விதையைத் தூவுங்கள். முதல் கட்டுக் கீரையைப் பறிக்கும் நாளில், அதில் பாதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டறிக்கையில் திருமணங்கள், ஜனாஸாக்கள், சந்தா வரவு ஆகியவற்றுடன், நம் ஜமாஅத்தில் எத்தனை வீடுகளில் கன்றுகள் உயிருடன் நிற்கின்றன என்னும் கணக்கும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆவல். நட்ட கணக்கை எவரும் எழுதிவிடலாம்; நிற்கின்ற கணக்கையே நாம் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் உணவில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! நம் கிணறுகளில் இனிய நீரைப் பெருக்குவானாக! நாம் நடுகின்ற ஒவ்வொரு கன்றையும் நமக்கும் நம் பெற்றோருக்கும் நீடித்த ஸதகாவாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.